ஊத்துக்கோட்டைக் கொட்டகைக்குள் ஒரு கடல்

சென்னையிலிருந்து செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம் வழியாக வடமேற்கே போனால் ஆரணி ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது ஊத்துக்கோட்டை. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பஸ் நிலையத்து டீக்கடையில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். பிரதோஷ நாளில், எல்லை தாண்டி இருக்கும் சுருட்டப்பள்ளி கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் சாலை நிரம்பிவிடும். ஆலகால விஷத்தை உண்ட சிவன் அங்கே அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார்.

ஆறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கும். மேலே பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் மட்டும் இரவோடு இரவாகப் பெருகும். அப்படிப் பெருகிப் பழைய தரைப்பாலத்தை மூழ்கடித்து, ஊரை இரண்டாகப் பிரித்துப் போட்ட மழைக்காலங்கள் இங்குள்ளவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். நெல், நிலக்கடலை, தோட்டக்கால்களில் காய்கறி, பூ. கடலுக்கும் இந்த ஊருக்கும் நடுவே கும்மிடிப்பூண்டி, பொன்னேரி தாலுகாக்கள் கிடக்கின்றன.

இந்த ஊரை ஒட்டிய கிராமம் ஒன்றில், மாட்டுக்கொட்டகையாக இருந்த தகர ஷெட்டுக்குள் இப்போது கடல் இருக்கிறது. 500 லிட்டர் பிடிக்கும் ஃபைபர் தொட்டி ஆறு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மூட்டையில் வாங்கிய செயற்கைக் கடல் உப்பைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் 3,000 லிட்டருக்கு 105 கிலோ உப்பு. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். பிள்ளைகள் 'நீமோ' என்று கூப்பிடும் மீன்.

ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் தம்பதி இவர்கள். கொளத்தூரில் குஞ்சு வாங்கி, சில மாதம் வளர்த்து, அங்கேயே விற்பது திட்டம். கப்பி, மோலி, தங்கமீன் வளர்ப்பதைவிடக் கடல்மீனில் ஒரு மீனுக்குக் கிடைக்கும் விலை பல மடங்கு. நகையை அடகு வைத்துத்தான் ஆரம்பித்தார்கள்.

ஐந்து நாளில் நடந்தது

மே மாதம். தகரக் கூரையின்கீழ் பகல் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. புதிதாக வாங்கிய 40 மீன்களைப் பையோடு கொண்டுவந்து, தண்ணீரோடு சேர்த்தே பழைய மீன்கள் இருந்த தொட்டியில் கொட்டினார்கள். அன்று இரவு மின்சாரம் மூன்று மணி நேரம் இல்லை. காற்று மோட்டார் நின்றது.

இரண்டாம் நாள் மீன்கள் தீனிக்கு மேலே வரவில்லை. மூன்றாம் நாள் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தில் ரத்தச் சிவப்பு. சிலவற்றுக்குக் கண் பிதுங்கியிருந்தது, சிலவற்றுக்கு விலாவில் கிள்ளி எடுத்ததுபோலப் புண். மீன் கடையில் கேட்டதற்கு, "அண்ணே, இந்த கேப்சூலப் பிரிச்சு தண்ணியில கொட்டிடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று டெட்ராசைக்ளின் அட்டையைக் கொடுத்தார்கள். கொட்டினார்கள். நான்காம் நாள் தண்ணீர் மஞ்சளாகி நுரைத்தது. ஐந்தாம் நாள் காலையில் பக்கத்துத் தொட்டி மீன்களும் சேர்ந்து மிதந்தன. மூன்று தொட்டிகளில் மிஞ்சியது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய மீன்கள்தான்.

அறிகுறிகளைப் பார்த்தால் இது விப்ரியோசிஸ் என்றுதான் மீன்நோய் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். விப்ரியோ என்பது கடல்நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக் கூட்டம். ஆல்ஜினோலிட்டிகஸ், ஹார்வேயி, ஆங்குயில்லாரம் என்று பல வகை. இறால் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. ஆரோக்கியமான மீனின் உடம்பில் இருக்கும் வழுவழுப்பான பூச்சைத் தாண்டி இவற்றால் எளிதில் உள்ளே போக முடியாது. கைவலை உரசி அந்தப் பூச்சு போனால், செவுள் அம்மோனியாவில் வெந்தால், மூச்சுக்குக் காற்று குறைந்தால், அதுவரை சும்மா இருந்த பாக்டீரியா உள்ளே புகுந்துவிடும். வயலில் பயிர் வாடியிருக்கும்போது வேரழுகல் ஏறுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இந்தக் கொட்டகையில் மூன்று தவறு சேர்ந்துகொண்டன. பையின் தண்ணீரைக் கொட்டியது முதலாவது. மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சினால் கரியமில வாயு சேர்ந்து, தண்ணீரின் கார அமில நிலை இறங்கியிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா அதிகம் கெடுதல் செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, கார அமில நிலை ஏறி, அதே அம்மோனியா விஷமாகிறது. கடல் தொட்டியின் கார அமில நிலை 8.2 அளவில் இருக்கும். 7 உள்ள கிணற்றுத் தண்ணீரில் இருப்பதைவிட அம்மோனியாவின் விஷப் பங்கு இங்கே பத்து மடங்குக்கும் மேல். தங்கமீன் வளர்த்த அனுபவத்தை நம்பிக் கடல்மீனில் இறங்குபவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யவேண்டும். உப்பின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, மீனை மட்டும் எடுத்து விடவேண்டும். பைத் தண்ணீர் வெளியே.

புதுமீனைப் பழைய மீனோடு சேர்த்தது இரண்டாவது. சந்தையிலிருந்து ஆடு வாங்கி வந்தால் நேராகப் பட்டியில் அடைப்பதில்லை, சில நாளாவது தனியே கட்டிப் பார்க்கிறோம். மீனுக்கு அந்தக் காவல் மூன்று முதல் நான்கு வாரம் வேண்டும். தனித்தொட்டி, அதற்கென்றே ஒரு கைவலை, ஒரு வாளி, ஒரு குழாய். தினசரி வேலையில் அந்தத் தொட்டி கடைசியாகத்தான் வரவேண்டும்.

மூன்றாவது, மருந்து. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைக் கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பிடித்துக் கட்டிக்கொள்கின்றன. நன்னீரில் ஓரளவு வேலை செய்யும் அளவு, கடல்நீரில் மீனுக்குள் போய்ச் சேருவதே இல்லை. ஆனால் தொட்டியின் வடிகட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றித் தருவதும் பாக்டீரியாதான். தண்ணீரில் ஆன்டிபயாடிக் கொட்டினால் அந்த நல்ல பாக்டீரியாவும் அடிபடும். ஒரு புது வடிகட்டி பழகி வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது, கெடுவதற்கு ஓரிரு நாள் போதும். ஐந்தாம் நாள் பக்கத்துத் தொட்டிகள் போனதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. எல்லாத் தொட்டிக்கும் ஒரே கைவலை, ஒரே கேப்சூல்.

மண்டபத்திலிருந்து கொளத்தூர் வரை

வடசென்னைப் பக்கம் கொளத்தூர் பல பத்தாண்டுகளாக வண்ண மீனுக்குப் பேர்போன இடம். காற்று நிரப்பிய பாலித்தீன் பைகள் வரிசையாகத் தொங்கும். நன்னீர் மீன்கள்தான் பெரும்பகுதி. கடல்மீன் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று பவளப்பாறைப் பகுதிகளில் பிடித்தது, மற்றது குஞ்சுப்பொரிப்பகத்தில் பிறந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்கள் கோமாளி மீனையும் சில டாம்சல் வகைகளையும் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கின்றன. அப்படித் தொட்டியில் பிறந்த மீன் பெல்லட் தீனிக்குப் பழகியிருக்கும், கண்ணாடிச் சுவருக்கு மிரளாது. கடலில் பிடித்த மீன் வலை, படகு, வியாபாரியின் தொட்டி, பஸ் என்று நாலு கை மாறி வரும்போதே பாதி சக்தியை இழந்துவிடுகிறது. விலை குறைவு என்று அதை வாங்கினால், மிச்சம் பிடித்த காசு மருந்துக்குப் போகும். இன்னொன்று: கடற்குதிரை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் தொடக்கூடாது. 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. பவளத்துக்கும் அதே சட்டம்தான்.

கொளத்தூர் போகும் வழியிலேயே மாதவரம் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரின நோய் ஆய்வகம் அங்கே செயல்படுகிறது. பொன்னேரியில் அதே பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி. ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இரண்டுமே ஒரு பஸ் பயணத்தில் போய்வரக்கூடிய இடங்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்தத் தம்பதியைப் போலப் பலர் முதலில் போய் நிற்பது கடைக்காரரிடம்தான்.

ஆய்வகத்துக்குச் செத்த மீனைக் கொண்டுபோவதில் பயன் குறைவு. வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த மீனுக்குள் நோய்க்குக் காரணமில்லாத பாக்டீரியாவும் பெருகியிருக்கும். நோய் தெரிகிற, உயிரோடிருக்கிற இரண்டு மூன்று மீன்களைக் காற்று நிரப்பிய பையில் எடுத்துப் போகவேண்டும். தொட்டித் தண்ணீர் தனி பாட்டிலில். கிளம்பும் முன் போன் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம். அங்கே மீனின் சிறுநீரகம், புண் ஆகியவற்றிலிருந்து எடுத்ததைத் தட்டில் வளர்ப்பார்கள். விப்ரியோ என்றால் அதற்குரிய ஊடகத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ புள்ளிகள் முளைக்கும். பிறகு எந்த மருந்துக்கு அது மடங்குகிறது என்று வட்டத்தாள் வைத்துப் பார்ப்பார்கள். இதற்குச் சில நாள் ஆகும். அதுவரை பாதிக்கப்பட்ட மீனைத் தனியே மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, காற்றைக் கூட்டி, தீனியைக் குறைத்து வைப்பதே பெரிய வைத்தியம்.

மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்று வந்தால், மீன் இன்னும் தின்றுகொண்டிருக்கும்போதே தீனியில் கலந்து, நிபுணர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுவதும் கொடுப்பதுதான் சரி. இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தினால், மிஞ்சிய பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் உணவுக்கான இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அழகு மீன்தானே, யார் தின்னப்போகிறார்கள் என்று அவற்றை இங்கே பயன்படுத்துவது நல்ல யோசனை இல்லை.

உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி, பட்டுத்துணி போர்த்தியதுபோலத் தூள், தோல் உரிந்து வெள்ளைச் சளி என்று கோமாளி மீனுக்கு வருவதில் பெரும்பங்கு ஒட்டுண்ணி நோய். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஒட்டுண்ணி துளைத்த இடத்தில் பாக்டீரியா பின்னால் வந்து உட்காருவதும் உண்டு. சிவப்பைப் பார்த்ததும் அட்டையைப் பிரிக்காமல், நுண்ணோக்கியில் ஒருமுறை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

விரலில் வந்த கட்டி

அந்த வீட்டு அம்மாவுக்கு வலது கை நடுவிரலில் ஒரு கட்டி. வலி அதிகமில்லை. நிலக்கடலை பிடுங்கும்போது முள் குத்தியதாக நினைத்துப் பத்துப் போட்டார். ஆறாமல் உடைந்து, புறங்கையில் இன்னொன்று வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தோல் மருத்துவர் கேட்டார்: "வீட்டில மீன் தொட்டி இருக்காம்மா?"

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியா, மனிதருக்குக் காசநோய் தரும் கிருமியின் உறவுக்காரன். 1926ல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த கடல்மீன்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. மீனுக்கு இது மெதுவாக வரும். தின்றுகொண்டே இளைக்கும், முதுகு வளையும், நிறம் மங்கும், வாரம் ஒன்றிரண்டாகச் சாகும். இதற்கு மீனில் நம்பத்தக்க மருந்து கிடையாது. அந்தத் தொட்டி மீன்களை அகற்றி, தொட்டியைக் கழுவிக் கிருமி நீக்கிக் காயப்போட வேண்டியதுதான்.

மனிதர் கையில் சிறு கீறல் இருந்தால் அதன்வழி போய், சில வாரம் கழித்துக் கட்டியாக வருகிறது. உடம்புச் சூட்டைவிடக் குறைந்த, 30 டிகிரி ஒட்டிய வெப்பத்தில் வளர்வதால் விரல், புறங்கை, முழங்கை என்று வெளிப்பக்கத்திலேயே நிற்கும். குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். மீன் வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். பெரும்பாலும் வடிகட்டிப் பஞ்சைக் கழுவுவது பெண்கள்தான். முழங்கை வரை ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வைப்பது வீட்டுக்காரர் வேலை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறும் கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

அரை டன் உப்பு எங்கே போகிறது?

கடல்மீன் தொட்டியில் வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவார்கள். 3,000 லிட்டர் உள்ள அந்தக் கொட்டகையில் வாரம் 300 லிட்டர். அதில் பத்தரை கிலோ உப்பு. வருடத்துக்கு அரை டன்னுக்கு மேல். கொட்டகையிலிருந்து வாய்க்கால் வெட்டி நிலக்கடலைக் கொல்லை ஓரமாக விட்டிருந்தார்கள். அந்த மூலையில் செடி குட்டையாகி, இலை ஓரம் நெருப்பு பட்டதுபோலக் கருகியிருந்தது. துத்தநாகக் குறை என்று நினைத்து நுண்ணூட்டம்கூடப் போட்டிருக்கிறார்கள்!

மண்ணின் மின்கடத்துதிறன் 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல்லிலும் நிலக்கடலையிலும் மகசூல் இறங்கத் தொடங்கும். கடல்நீர் ஏறத்தாழ 50. கழிவுநீரை நிலத்திலோ, ஓடையிலோ, கிணற்றடியிலோ விடக்கூடாது என்பதற்கு இந்த இரண்டு எண் போதும்.

ஊத்துக்கோட்டையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வரும் கிருஷ்ணா கால்வாய், ஊருக்கு அருகே தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில்தான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1983ல் போட்ட ஒப்பந்தம், 1996ல் முதல் தண்ணீர். இங்கிருந்து 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டி ஏரியில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. கால்வாய்க்கரையில் மோட்டார் வைத்து எடுப்பதைப் பற்றி ஊரில் எவ்வளவோ பேசுகிறார்கள். உள்ளே விடுவதைப் பற்றியும் பேசவேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த தொட்டித் தண்ணீர், அந்த மருந்தில் சாகாமல் தப்பிய பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் சுமந்துபோகும்.

செலவில்லாத வழி இருக்கிறது. நோய் வந்த தொட்டியின் நீரை ஒரு டிரம்மில் பிடித்து, 1,000 லிட்டருக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 சதவீத குளோரின் உள்ளது) கலந்து ஒரு நாள் வைக்கவேண்டும். பிறகு தடித்த தார்ப்பாலின் விரித்த, ஆழமில்லாத ஒரு குட்டையில் விட்டால் ஊத்துக்கோட்டை வெயிலே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மேலே கூரை வேண்டும். அடியில் தங்கும் உப்பைக் கூட்டி மூட்டையில் கட்டி, நிலத்தில் சேராமல் அப்புறப்படுத்தலாம். அந்தத் தம்பதி இப்போது கொட்டகைக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடியில் ஒன்று போட்டிருக்கிறார்கள். முதல் கோடையில் அதில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்த பிறகுதான், கொல்லை மூலை ஏன் கருகியது என்று அவருக்கு முழுதாக விளங்கியது. ஆறு தொட்டியை நாலாகக் குறைத்துவிட்டார்கள். ஐந்தாவது, புதுமீனுக்கான தனித்தொட்டி. ஆறாவதில் உப்பு கரைத்து, ஒரு நாள் காற்று விட்டு, தயாராக வைத்திருக்கிறார்கள். தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்று. காற்று மோட்டாருக்கு பேட்டரி.

ஆறு போய்ச் சேரும் இடம்

ஊத்துக்கோட்டையைத் தாண்டிய ஆரணி ஆறு பெரியபாளையம், பொன்னேரிப் பக்கங்களைத் தொட்டுப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அங்கே இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றில் கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். தெற்கே மீஞ்சூர்ப் பக்கம், நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததில் கிணறுகளுக்குள் கடல் தானாகவே ஏறிவிட்டது. அந்த உப்பை வெளியேற்ற வழி தெரியாமல் அங்கே விவசாயிகள் தவிக்கிறார்கள், இங்கே மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கிறோம்.

செயற்கை உப்பு விலை கட்டுப்படியாகாமல் பழவேற்காட்டிலிருந்து வேனில் தண்ணீர் கொண்டுவரலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. கொண்டுவரலாம். ஆனால் ஏரித் தண்ணீர் வேண்டாம். மழைக்காலத்தில் அது கிட்டத்தட்ட நன்னீராகிவிடும், கோடையில் கடலைவிட உப்பேறும். ஏரிக்கு அந்தப்பக்கம், திறந்த கடலில், முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி எடுக்கவேண்டும். டிரம்மை நிரப்பும் முன்பே உப்புமானியை விட்டுப் பார்த்தால், ஒப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் நடுவே நிற்கவேண்டும். கொட்டகைக்கு வந்ததும் தெளியவைத்து, குளோரின் போட்டு, அது போகும்வரை காற்று விட்டு, குளோரின் சோதனைத் திரவத்தில் நிறம் காட்டாத பிறகே மீன் இருக்கும் தொட்டிக்குள் விடலாம். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், பிச்சாட்டூர் திறந்த சேதி வந்த வாரத்தில், அந்தப் பக்கம் வேனை அனுப்பவே வேண்டாம்.